கொடி கட்ட இடமில்லாத ஊர்

தூத்துக்குடி
மார்கழி 2

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதுவது. உன் அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்துவிட்டது. மாடிக்கு ஏறித் துணி உலர்த்துகிறாள், இறங்கி வந்து என்னைத் திட்டுகிறாள், அந்த அளவுக்குத் தேவலை.

நீ போனில் கேட்டது ஒரே கேள்வி. "மாமா, 45 நாளைக்கு எத்தனை செட் துணி எடுத்துக்கிட்டுப் போகணும்?" அன்றைக்கு ஏதோ சொல்லி வைத்துவிட்டேன். அப்புறம் ராத்திரி படுத்து யோசித்தேன். 28 வருஷம் கப்பலின் அடிவயிற்றில் நின்று ஊரார் அழுக்கை வெளுத்தவன் நான். நம் குடும்பத்தில் ஒருத்தி முதன்முதலாகப் பயணியாகக் கப்பல் ஏறுகிறாள், அவளுக்கு இரண்டு வார்த்தையில் பதில் சொன்னால் எப்படி? அதனால்தான் கடிதம்.

பத்து நாளைக்கு உள்ள துணி போதும். சவுத்தாம்ப்டனில் ஏறும்போது ஜனவரிக் குளிர் இருக்கும், கோட்டும் கம்பளியும் வேண்டும்தான். பிஸ்கே வளைகுடாவைத் தாண்டி மடெய்ரா, கனரித் தீவுகள் பக்கம் போய்விட்டால் அதற்கெல்லாம் வேலை இல்லை. அதற்கப்புறம் பூமத்திய ரேகை. கேப் டவுனிலும் சிட்னியிலும் அப்போது கோடை. ஆளுக்கு ஒரு நல்ல கோட்டு, ஒரு ஸ்வெட்டர், அவ்வளவுதான். மாப்பிள்ளை மூன்று கோட்டு கேட்டால் இரண்டை லண்டனிலேயே வைத்துவிட்டு வரச் சொல்.

மிச்ச 35 நாளுக்கு என்ன செய்வது என்று கேட்பாய். துவைத்துக்கொள்ள வேண்டியதுதான். இங்கேதான் எல்லோரும் தப்புக்கணக்குப் போடுகிறார்கள். கப்பலில் தண்ணீருக்குப் பஞ்சம், துவைக்கவே கஷ்டம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். துவைப்பது ஒரு வேலையே கிடையாது. காயவைப்பதுதான் வேலை. இதை மனதில் வைத்துக்கொண்டாயானால் எந்தத் துணி எடுப்பது, எதை மிஷினில் போடுவது, எதைக் கப்பல் சலவைக்குக் கொடுப்பது என்பதெல்லாம் உனக்கே தெரிந்துவிடும்.

தண்ணீரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கடல் தண்ணீரை ஆவியாக்கியும், சவ்வு வழியாக அழுத்தியும் கப்பலே நல்ல தண்ணீர் எடுத்துக்கொள்கிறது. அதில் சுண்ணாம்பு ரொம்பக் குறைவு. நம் வீட்டு போர்வெல் தண்ணீரில் ஒரு கை சோப்புத்தூள் போட்டாலும் நுரை வருமா என்று பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். அங்கே ஒரு சிட்டிகை போட்டால் வாளி நிரம்பிவிடும். புதிதாக வருகிறவர்கள் ஊர்ப் பழக்கத்தில் தூளை அள்ளிப் போட்டுவிட்டு, நாலு தரம் அலசியும் வழுவழுப்புப் போகவில்லை என்று முழிப்பார்கள். சோப்பு தங்கின துணி சீக்கிரம் காயாது, காய்ந்தாலும் உடம்பில் அரிக்கும். ஆகையால் தூள் குறைவு, அலசுவது கூடுதல்.

அடுத்தது கடல் காற்று. உங்கள் அறைக்கு பால்கனி உண்டு என்று சொன்னாய். அதைப் பார்த்ததும், உங்களோடு வருகிற உன் மாமியார், நம் சம்பந்தியம்மா, கொடி கட்டத்தான் இடம் தேடுவார்கள். விடாதே. கப்பல் ஓடுகிற வேகத்துக்கு அந்தக் காற்று கிளிப்போடு சேர்த்துத் துணியைக் கொண்டுபோய்விடும். நெருப்பு பயத்தினாலும் பல கப்பல்களில் பால்கனியில் துணி காயப்போடக் கூடாது என்றே சட்டம். அதைவிட எனக்குத் தெரிந்த காரணம் ஒன்று உண்டு. உன் ஆச்சி உப்பளத்துக்குப் போய் வந்த காலத்தில் சாயங்காலம் சேலையை அவிழ்த்துக் கொடியில் போடுவாள். பகலெல்லாம் வெயிலில் மொடமொடவென்று இருந்த சேலை அது. காலையில் எடுத்தால் நசநசவென்று இருக்கும். மழையும் பெய்திருக்காது, பனியும் இருக்காது. உப்புதான் ராத்திரிக் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். பால்கனியில் போடுகிற துணிக்கும் அதே கதைதான். உப்புச்சாரல் படிந்த துணி முழுசாகக் காயவே காயாது. கடலில் குளித்துவிட்டு வந்தாலும், நீச்சல் குளத்தில் குளித்துவிட்டு வந்தாலும் அந்த உடுப்பை உடனே நல்ல தண்ணீரில் அலசிவிடு. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று மூலையில் போட்டு வைக்காதே.

அப்போது எங்கேதான் காயப்போடுவது? கேபினுக்குள்தான். ஏ.சி. ஓடிக்கொண்டே இருப்பதால் அறைக் காற்று வறண்டுதான் இருக்கும். குளியலறையில் சுவரிலிருந்து இழுத்து எதிர்ப்பக்கம் மாட்டுகிற சின்னக் கொடி ஒன்று அநேகமாக இருக்கும். சொட்டு நிற்கும் வரைக்கும் அதில் கிடக்கட்டும். பிறகு ஹேங்கரில் மாட்டி அறைக்குள் கொண்டுவந்துவிடு. குளியலறையிலேயே விட்டால் அடுத்த ஆள் வெந்நீரில் குளிக்கும்போது மறுபடி நனைந்ததற்குச் சமம். கேபின் சுவர் பெரும்பாலும் இரும்புத் தகடு, அதனால் காந்தக் கொக்கி ஒட்டிக்கொள்ளும். லண்டனில் கிடைக்கும், ஆறு வாங்கிக்கொள். இடமே அடைக்காது.

கொக்கி என்றதும் ஞாபகம் வருகிறது. அறையின் கூரையிலோ சுவரின் மேற்பக்கத்திலோ சின்னதாகப் பூ மாதிரி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். ஹேங்கர் மாட்டுவதற்கென்றே செய்துவைத்தது போல் வாகாகத் தெரியும். தொடாதே. அது தீயணைப்புத் தண்ணீர்க் குழாயின் வாய். அதற்குள் இருக்கிற கண்ணாடிக் குமிழ் உடைந்துவிட்டால், யாராவது ஓடிப்போய் வால்வை அடைக்கும் வரை தண்ணீர் நிற்காது. நான் வேலை பார்த்த ஒரு கப்பலில் ஒரு பெரியவர் ஈரக் கால்சட்டையை அதில் மாட்டினார். அவர் அறை, பக்கத்து அறை, கீழ்த்தளத்து அறை என்று படுக்கை, விரிப்பு, திரைச்சீலை மொத்தமும் எங்களிடம் வந்து சேர்ந்தது. இரண்டு ராத்திரி தூங்கவில்லை. அந்தக் கால்சட்டையையும் நாங்கள்தான் காயவைத்துக் கொடுத்தோம்.

இனி பிழிகிற விதம். முறுக்கிப் பிழிந்தால் சுருக்கம் விழும், இஸ்திரிக்கு அலைய வேண்டும். குளித்துவிட்டுத் துவட்டின பெரிய துண்டை விரித்து, ஈரத்துணியை அதன்மேல் பரப்பு. பாய் சுருட்டுவது போலச் சுருட்டி, மேலே ஏறி நின்று மிதி. பாதி ஈரத்தைத் துண்டு குடித்துவிடும். சாயங்காலம் மிதித்து மாட்டின மெல்லிய சட்டை மறுநாள் காலையில் போட்டுக்கொள்கிற மாதிரி இருக்கும். இப்படித் தினம் இரண்டு உருப்படி, கை கால் கழுவுகிற நேரத்தில் முடிந்துவிடும். உள்ளாடை, சாக்ஸ், நைட்டி எல்லாம் இந்தக் கணக்கில் வந்துவிடும். சேர்த்து வைத்து மூன்றாம் நாள் பார்த்துக்கொள்ளலாம் என்றாயோ, அத்தனை உருப்படிக்கும் கொடி தேட வேண்டும். இரண்டு பேர் கால் வைக்க முடியாத அறையில் எங்கே தேடுவாய்?

துணி வாங்கும்போதே கடையில் கையால் தடவிப் பார். கனத்த பருத்தி வேண்டாம், ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். மேலே எல்லாம் காய்ந்திருக்கும், பாக்கெட்டும் இடுப்பு மடிப்பும் மட்டும் இரண்டு நாள் ஈரமாகக் கிடக்கும். உள்பாவாடையிலும் நாடா கோத்த இடம்தான் கடைசியில் காயும். பாலியெஸ்டர் கலந்த பருத்தி நல்லது. ஜார்ஜெட் நல்லது. மெரினோ கம்பளி என்று விற்கிறானே, விலை கொஞ்சம் கூடத்தான், ஆனால் நாலு நாள் போட்டாலும் வாடை வராது. மாப்பிள்ளைக்கு இரண்டு பனியன் அதில் வாங்கு. எனக்குப் பருத்திதான் பிடிக்கும், வீட்டில் வேறெதுவும் உடுத்துவதில்லை. ஆனாலும் கப்பலுக்கு அது ஆகாது என்று நானே சொல்கிறேன்.

அழுக்குத் துணியை எங்கே வைப்பது என்றும் கேட்டாய். காலிப் பெட்டி கட்டிலுக்கு அடியில் கிடக்குமே, அதில் ஒரு துணிப்பை வைத்துவிடு. பிளாஸ்டிக் பை கூடாது. ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டின துணியில் இரண்டே நாளில் கருப்புப் புள்ளி விழும், அது எந்த வெளுப்புக்கும் போகாது. வியர்வையில் நனைந்த சட்டையை ஒரு ராத்திரி ஹேங்கரில் ஆற விட்டுவிட்டு அப்புறம் பையில் போடு.

இனி பயணிகளுக்கான லாண்டரி ரூம். எல்லாக் கப்பலிலும் இது கிடையாது. ராயல் கரீபியன் கப்பல்களில் இல்லை. பிரின்சஸ் கப்பல்களில் காசு கட்டித் துவைக்கலாம். குயின் மேரி 2-இல் மிஷினும் இலவசம், சோப்பும் இலவசம். உங்கள் கப்பலில் உண்டு என்றாய், நல்லது. இலவசம் என்றால் கூட்டத்தைச் சொல்ல வேண்டியதில்லை. கரை காணாமல் ஓடுகிற நாளில் காலை நேரம் அங்கே போகாதே. சாப்பாட்டு மண்டபத்தில் வைர மாலை போட்டுக்கொண்டு பணிவாகப் பேசுகிற அம்மாள், அங்கே டிரையருக்காக முழங்கையால் இடிப்பாள். எத்தனையோ சண்டை கேட்டிருக்கிறேன், மேலே இருந்து புகார் கீழே எங்களுக்குத்தான் வரும். துறைமுகத்தில் எல்லோரும் இறங்கிப் போன நேரம் பார்த்துப் போ. இல்லையென்றால் ராத்திரிச் சாப்பாட்டு நேரம். மிஷின் நிற்கிற நேரத்தைப் போனில் அலாரம் வைத்துக்கொண்டு, நிற்பதற்கு இரண்டு நிமிஷம் முந்தியே அங்கே இரு. அடுத்தவர் துணியை நீ எடுத்து வெளியே வைக்காதே, உன் துணியை அடுத்தவர் எடுத்து வைக்கும்படியும் விடாதே. பாதிச் சண்டை இதில்தான்.

டிரையரில் போடுவதற்கு முன்னாலும் எடுத்த பிறகும் பஞ்சுப் பிசிறு வடிகட்டியைத் துடைத்துவிடு. இதைச் சின்ன விஷயம் என்று விட்டுவிடாதே. எங்கள் தொழிலில் நாங்கள் பயந்தது தண்ணீருக்கு இல்லை, பிசிறுக்குத்தான். 1998 ஜூலை 20-ஆம் தேதி எக்ஸ்டசி என்கிற கப்பல் மயாமியிலிருந்து அப்போதுதான் புறப்பட்டிருந்தது. அதன் சலவைக்கூடத்தில் வெல்டிங் வைத்தபோது தெறித்த பொறி, காற்றுக்குழாயில் சேர்ந்து கிடந்த பிசிறில் பற்றிக்கொண்டது. குழாய் வழியாகவே ஓடிக் கப்பலின் பின்தளம் வரை எரிந்தது. அதற்கு இரண்டு வருஷம் முந்தி, 1996 ஜூலையில், அலாஸ்கா பக்கம் யூனிவர்ஸ் எக்ஸ்புளோரர் கப்பலிலும் சலவைக்கூடத்தில்தான் தீ தொடங்கியது. ஊழியர்கள் 5 பேர் புகையில் செத்துப்போனார்கள். அந்தச் செய்தி வந்த வாரம் நாங்கள் யாரும் பேச்சில்லாமல் வேலை பார்த்தோம். ராத்திரி ஷிப்ட் முடிந்த பிறகும் ஒருத்தர் தனியாக உட்கார்ந்து குழாய் மூடிகளைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

இஸ்திரிப் பெட்டியும் ஸ்டீமரும் கொண்டுபோகாதே என்று சொல்வதற்கும் இதே காரணம்தான். ஏறும்போது ஸ்கேனில் கண்டுபிடித்து வாங்கி வைத்துக்கொண்டு, இறங்கும்போதுதான் தருவார்கள். இஸ்திரி போட வேண்டுமென்றால் லாண்டரி ரூமிலேயே பலகையும் பெட்டியும் இருக்கும். அவசரத்துக்கு, நீ வெந்நீரில் குளிக்கும்போது சட்டையைக் குளியலறைக்குள் மாட்டி வை. ஆவியிலேயே சுருக்கம் பாதி விடும்.

கனமானது எல்லாவற்றையும் கப்பல் சலவைக்குக் கொடுத்துவிடு. மாப்பிள்ளையின் சட்டை, கால்சட்டை, தெரியாமல் எடுத்துவந்த ஜீன்ஸ், எல்லாம். உருப்படிக்கு இவ்வளவு என்று பார்த்தால் நெஞ்சு அடைக்கும். ஆனால் நீண்ட பயணத்தில் சில நாள் பை நிறைய இவ்வளவு என்று ஒரே விலை போடுவார்கள். அன்றைக்குத் துணியைச் சுருள் சுருளாகச் சுருட்டித் திணி. பையின் வாய் மூடினால் சரி. அந்த நாட்களில் நாங்கள் கீழே உங்களை எப்படியெல்லாம் வைவோம் என்பதை எழுத முடியாது, ஆனாலும் திணி.

கொடுப்பதற்கு முன் பாக்கெட்டைப் பார். நான் எடுத்துக் கொடுத்த சாமான்களைச் சொன்னால் சிரிப்பாய். பேனா, லிப்ஸ்டிக், காது மிஷின், ஒரு தடவை பல்செட். சேர்ந்த இரண்டாவது மாசம், ஒரு வெள்ளைக் கால்சட்டைப் பாக்கெட்டில் புதுச் சிவப்புக் கைக்குட்டை இருந்ததை நான் பார்க்காமல் போட்டுவிட்டேன். அந்த வாரம் ஆபீசர்மார் பாதிப்பேர் ரோஸ் கலர் சட்டையில் நின்றார்கள். இன்றைக்கும் சட்டை கையில் கிடைத்தால் முதலில் பாக்கெட்டுக்குள்தான் விரல் போகிறது.

பட்டும் சுங்குடியும் சலவைக்குப் போகக் கூடாது. அங்கே கொதிக்கிற தண்ணீர், சூடான டிரையர், பார்த்துப் பதமாகச் செய்ய நேரம் இருக்காது. சுங்குடியை ஊரிலேயே கல்லுப்புத் தண்ணீரில் இரண்டு தரம் ஊறவைத்து அலசி, சாயம் நின்றதா என்று பார்த்து எடுத்துப் போ. பெரிய விருந்து ராத்திரிக்குப் பட்டு கட்டுவாய். அவிழ்த்ததும் மடிக்காதே, ஒரு ராத்திரி அறைக்குள் காற்றாடட்டும், அப்புறம் பழைய வேட்டியில் சுற்றி வை. பால்கனிப் பக்கம் கொண்டுபோகாதே, உப்புக் காற்றில் ஜரிகை கருத்துப்போகும்.

சலவை என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. நான் முதன்முதலில் ஏறின கப்பலில் ஒரு வெள்ளைக்கார இன்ஜினியர், தன் துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து "என் டோபி" என்றார். யாரோ நம்மூர்க்காரன் சொல்லிக்கொடுத்திருக்கிறான் போலும் என்று நினைத்தேன். அப்புறம்தான் தெரிந்தது, இங்கிலீஷ் கடற்படையில் துணி துவைப்பதற்கே அந்த இந்திச் சொல்தான் புழக்கமாம். அந்தப் போர்க்கப்பல்களில் துவைத்தவர்களோ ஹாங்காங் சீனர்கள். 1982-இல் ஃபாக்லாந்து சண்டையில் இறந்தவர்களில் அந்தச் சலவைக்காரர்களும் உண்டு. சண்டைக் கப்பலிலும் அழுக்குச் சட்டை இருக்கத்தானே செய்யும்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். யாருக்காவது வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தால் அந்தத் துணியை நீயாக அலசாதே. லாண்டரி ரூமுக்கும் கொண்டுபோகாதே, மற்றத் துணியோடும் சேர்க்காதே. அறைப் பையனுக்கோ மருத்துவருக்கோ போன் போடு. நோரோ வைரஸ் என்றால் ஒரு துணி போதும், ஒரு தளம் முழுக்கப் படுத்துவிடும். அதற்கென்று தனிப் பை உண்டு, பையோடு அப்படியே மிஷினில் போட்டுவிடுவோம், பை தண்ணீரில் கரைந்துபோகும். யாரும் கையால் தொட வேண்டியதில்லை. வெட்கப்பட்டுக்கொண்டு மறைத்துவிடுவார்கள், அதுதான் கெடுதல். எங்கள் பையன்கள் இரண்டு பேர் அப்படி மறைத்து வந்த ஒரு தலையணை உறையால் நாலு நாள் படுத்துக் கிடந்தார்கள்.

துறைமுகத்தில் இறங்கி வெளியே சலவைக் கடையில் கொடுக்கலாமே என்று மாப்பிள்ளை யோசனை சொல்வார். வேண்டாம். கடைக்காரன் சாயங்காலம் என்பான், கப்பல் யாருக்காகவும் நிற்காது. கேப் டவுனில் விட்ட சட்டையை யார் போய் வாங்குவது?

கடைசியாக சம்பந்தியம்மா. குளித்ததும் கட்டின சேலையைத் தானே துவைத்துப் போடாமல் அவர்களுக்குச் சோறு இறங்காது, எனக்குத் தெரியும். 60 வருஷப் பழக்கத்தை 45 நாளில் மாற்றப் பார்க்காதே. ஐந்தரை மீட்டர் பருத்திச் சேலையை அந்த அறையில் விரித்தால் நீங்கள் மூன்று பேரும் அதற்கடியில் குனிந்து நடக்க வேண்டும். நாலு பூனம் சேலை வாங்கிக் கொடு. துண்டில் சுருட்டி மிதித்தால் கைக்குட்டை மாதிரி சுருங்கிவிடும், நாலாக மடித்து ஒரே ஹேங்கரில் போட்டாலும் மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும். ஆனால் நீ போய்ச் சொல்லாதே. பூனம் சேலை என்றால் வேலைக்காரிக்கு எடுப்பது என்று எண்ணுகிறவர்கள். மருமகள் சொன்னால் அது ஒரு பேச்சாகிவிடும். ஞாயிற்றுக்கிழமை நானே போன் பண்ணி, கப்பலில் பருத்திச் சேலை கட்டக் கூடாது என்று சட்டம் இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். நீ ஆமாம் மாமா, நானும் கேள்விப்பட்டேன் என்று மட்டும் சொல்.

இப்படிக்கு,
உன் மாமா